முதல் பயணமே சுவான்சோவுக்கு இருக்கட்டும்

சீனாவுக்குப் போகலாமா என்று யோசிக்கும் தமிழர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கிறது. முதல் தடவை என்றால் பெய்ஜிங், ஷாங்காய். நேரமிருந்தால் சீயான் போய்ச் சுடுமண் வீரர்கள். அதையும் டூர் கம்பெனியோடு பார்ப்பதே உசிதம். சின்ன ஊர்கள் மொழி தெரிந்தவர்களுக்கும் ஊர்சுற்றிப் பழகியவர்களுக்கும்தான் சரிப்படும். அங்கே ஆங்கிலம் கிடையாது, கார்டு செல்லாது, வெளிநாட்டுக்காரருக்கு அறை தரமாட்டார்கள், சைவம் சாப்பிடுகிறவர் பட்டினிதான். தமிழ்க் கல்வெட்டு கிடைத்த சுவான்சோவைப் பார்த்தே தீருவேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் அவருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: ஷியாமெனில் தங்கி, காலையில் ரயிலேறி, மாலையில் திரும்பிவிடலாம்.

இந்த அறிவுரை தவறு. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் எது கடினம், எது எளிது என்ற கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். சீனாவுக்கு முதல்முறை போகிறவருக்குச் சுவான்சோ போன்ற ஊர்தான் ஏற்றது என்கிறேன். அதைக் கடைசி நாளின் ஓரத்தில் ஒட்டவைக்காமல் பயணத்தின் நடுவில் வைத்துத் திட்டமிட வேண்டும் என்றும் சொல்கிறேன்.

முதலில் ஊர் எது என்று தெளிவாக்கிக்கொள்வோம். சுவான்சோ தென்கிழக்குக் கரையில், ஃபுஜியன் மாகாணத்தில், ஃபுசோவுக்கும் ஷியாமெனுக்கும் இடையில் இருக்கிறது. குவாங்சோ வேறு, அது ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள மாநகரம். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் விமானச்சீட்டு எடுக்கும்போது ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். சுவான்சோவின் நிர்வாக எல்லைக்குள் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருக்கிறார்கள். அதைப் போய்ச் சின்ன ஊர் என்பதா என்று கேட்கலாம். அந்த எண்ணிக்கையில் தேயிலைக்குப் பேர்போன ஆன்ஷி, வெண்பீங்கான் செய்யும் தெஹுவா, ஜின்ஜியாங் என்று பல ஊர்கள் அடங்கியிருக்கின்றன. பயணி பார்க்கப்போகும் பழைய நகரம் காலாற நடந்து சுற்றக்கூடிய அளவுதான். மெட்ரோ ரயிலும் கிடையாது.

இப்போது அச்சங்களுக்கு வருகிறேன். பணம், இணையம், மொழி, சாப்பாடு, அறை என்று ஐந்து சொல்வார்கள். முதல் மூன்றும் சீனா முழுக்க உள்ளவை. ஷாங்காயில் கூகுள் வேலைசெய்து, சுவான்சோவில் மட்டும் முடங்குவதில்லை. வாட்ஸாப் இரண்டிலும் கிடையாது. ஷாங்காய் தேநீர்க்கடையிலும் கியூஆர் கோடுதான், சுவான்சோ தேநீர்க்கடையிலும் அதுதான். நாடு முழுவதற்கும் பொதுவான சிரமத்தைச் சின்ன ஊரின் தலையில் கட்டிவிட்டு, பெரிய ஊருக்குப் போனால் தப்பிவிடலாம் என்று சொல்வது எப்படி நியாயம்? தவிர, இவை போய் இறங்கியபின் சமாளிக்க வேண்டிய சிரமங்களே அல்ல. வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு வாரத்துக்குள் தீர்த்துவைக்கக்கூடியவை.

பணத்தைப் பார்ப்போம். 2023-ஆம் ஆண்டிலிருந்து அலிபேயிலும் வீசாட்டிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைத்துப் பணம் கட்ட முடிகிறது. 200 யுவானுக்குள் உள்ள செலவுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பாவில் இருக்கும் தமிழர்கள் புறப்படும் முன்பே இணைத்துவிடலாம். இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஓர் உண்மையான தடங்கல் உண்டு: 2020-ல் இந்திய அரசு தடை செய்த செயலிகளின் பட்டியலில் இந்த இரண்டும் இருக்கின்றன. ஆகவே இந்தியப் பயணி யுவான் நோட்டுகளை நம்பிக் கிளம்புவதுதான் சரி. நோட்டு செல்லாது என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். ரொக்கத்தை வாங்க மறுப்பது சட்டத்துக்குப் புறம்பு என்று சீன மத்திய வங்கி திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறது. சிக்கல் சில்லறையில்தான் வரும். நூறு யுவான் நோட்டை நீட்டினால் ஆறு யுவான் தேநீருக்குக் கடைக்காரரிடம் மீதி இருக்காது. வங்கியிலேயே ஐந்தும் பத்தும் இருபதுமாகக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாக அடைத்தே இருக்கும். அதைத் திறந்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். சீனாவின் பெரிய வங்கிகளுடைய ஏடிஎம்களில் விசா, மாஸ்டர்கார்டு போட்டு யுவான் எடுக்கலாம்.

இணையத்துக்கு உங்கள் ஊர் சிம்மிலேயே ரோமிங் போட்டுக்கொண்டால் போதும். ரோமிங் தரவு உங்கள் நாட்டு நிறுவனத்தின் வழியாகச் சுற்றி வருவதால் வாட்ஸாப்பும் மின்னஞ்சலும் வேலைசெய்யும். விடுதி வைஃபையில் செய்யாது. கூகுள் வரைபடம் சீனாவில் இடம் தவறிக் காட்டும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் வரைபடம் நன்றாகவே உதவும். மற்றவர்கள் சீனர்களே பயன்படுத்தும் ஆமேப் செயலியை எடுத்துக்கொள்ளலாம். மொழிக்கு, சீனத்தை ஆஃப்லைனில் மொழிபெயர்க்கும் தொகுப்பு ஒன்றை முன்பே இறக்கிவையுங்கள். விடுதியின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் ஒரு தாளில் அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் சார்ஜ் தீர்ந்துபோன இரவில் உங்களை அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தத் தாள்தான்.

அறை விஷயத்தில் எதிர்த்தரப்பு சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. சீனச் சட்டப்படி வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிவாக வேண்டும். ஓட்டலில் தங்கினால் வரவேற்பு மேசையே அதைச் செய்துவிடும். சின்ன விடுதிகளில் சில, அந்த வேலை தெரியாததாலோ தொல்லை என்று நினைத்தோ ஆளைத் திருப்பி அனுப்பின. உரிமம் இல்லை என்று காரணம் காட்டி வெளிநாட்டவரை மறுக்கக்கூடாது என்று 2024-ல் அரசுத் துறைகள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டன. அந்தச் செய்தி எல்லா மேசைகளுக்கும் போய்ச் சேர்ந்ததா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆகவே முதல் இரண்டு இரவுகளுக்காவது பெயர்பெற்ற சங்கிலி ஓட்டல் ஒன்றில் பதிவு செய்யுங்கள். பழைய வீட்டை மாற்றிக் கட்டிய விடுதியில்தான் தங்குவேன் என்றால், முன்பதிவு செயலி வழியாக “இந்தியப் பாஸ்போர்ட், பதிவு செய்ய முடியுமா” என்று எழுதிக்கேட்டு, எழுத்தில் பதில் வந்தபின் பணம் கட்டுங்கள். இதைப் பெரிய ஊரின் சின்ன விடுதிக்கும் செய்யத்தான் வேண்டும்.

பெரிய ஊரின் சிரமங்களை இந்த அறிவுரைக்காரர்கள் ஏன் பட்டியலிடுவதில்லை? பெய்ஜிங் அரண்மனைக்குள் நுழைய ஏழு நாள் முன்னால் இணையத்தில், பாஸ்போர்ட் எண் கொடுத்து, சீட்டு பிடிக்க வேண்டும். விடுமுறைக் காலத்தில் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். பெருஞ்சுவருக்குப் போய்வர ஒரு முழுநாள் போகும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுரங்க ரயிலில் ஒரு மணி நேரம், மேலே ஏறி நடக்க அரை மணி நேரம். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இந்த நடையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. சுவான்சோவில் மேற்குத் தெருவில் அறை எடுத்தால் கையுவான் கோயில் அங்கேயே இருக்கிறது. பழைய நகரத்துக்குள் சின்ன வெள்ளை மின்வண்டிகள் ஓடுகின்றன. ஏறி உட்கார்ந்தால் ஒரு வாசலிலிருந்து மறுவாசலுக்குக் கொண்டுபோய் விடும். சோர்ந்தால் அறைக்குத் திரும்பிப் படுத்து எழுந்து மாலையில் மறுபடி கிளம்பலாம். பெய்ஜிங்கில் அது நடக்காது.

போய்ச் சேர்வதும் கடினமில்லை. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஷியாமெனுக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரத்தை ஒட்டிய பயணம். 2023 செப்டம்பரில் ஃபுசோவுக்கும் ஷியாமெனுக்கும் இடையே புதிய கடலோரத் தடம் திறந்ததிலிருந்து ரயில்கள் ஏராளம். ஓர் எச்சரிக்கை: சுவான்சோ என்ற பெயரில் மூன்று நிலையங்கள் இருக்கின்றன. வெறும் சுவான்சோ, கிழக்குச் சுவான்சோ, தெற்குச் சுவான்சோ. தெற்கு நிலையம் ஜின்ஜியாங் பக்கம் விலகிக் கிடக்கிறது. பழைய நகரத்துக்குப் போகிறவர்கள் முதல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீட்டு பதினைந்து நாள் முன்னால் திறக்கும். பாஸ்போர்ட்டே பயணச்சீட்டு, தானியங்கிக் கதவு ஏற்காவிட்டால் ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழியில் காட்டினால் விடுவார்கள். சீனாவுக்குள் உள்நாட்டு விமானத்தில் மாறுகிறவர்கள் கவனிக்க: 2025 ஜூன் 28 முதல் சீனத் தரமுத்திரை இல்லாத பவர் பேங்கை அந்த விமானங்களில் அனுமதிப்பதில்லை.

சாப்பாடு. சைவர் பட்டினி கிடப்பார் என்பது பௌத்தம் இவ்வளவு ஆழமாக வேரோடிய மாகாணத்தைப் பற்றிச் சொல்லத்தக்க வாக்கியமா? ஃபுஜியன் கோயில் நகரங்களில் துறவிகளின் முறைப்படி இறைச்சியும் மீனும் மட்டுமின்றி வெங்காயம், பூண்டும் சேர்க்காமல் சமைக்கும் உணவகங்கள் உண்டு. சாதாரணக் கடையில்தான் ஜாக்கிரதை வேண்டும். கீரைப் பொரியலில் பன்றிக் கொழுப்பு இருக்கும், ஊரின் புகழ்பெற்ற காலை உணவான நூல்சேமியாக் கூழில் எலும்பு ரசமோ கடல்மீன் ரசமோ இருக்கும். எது கூடாது என்பதை இறைச்சி, மீன், இறால், கொழுப்பு, ரசம் என்று ஒவ்வொன்றாகச் சீனத்தில் எழுதிய அட்டையை நீட்டுங்கள். “நான் சைவம்” என்ற ஒற்றை வரி போதாது. கடற்பாசியை உருக்கி உறையவைத்த குளிர்க்கூழ், பச்சைப்பயறும் தாமரை விதையும் போட்ட இனிப்பு நீர், வேர்க்கடலைப் பாயசம் ஆகியவை எந்த வீதியிலும் கிடைக்கும். அசைவர்களுக்குக் கவலையே இல்லை. இஞ்சி வாத்து, மாட்டிறைச்சி ரசம், சிப்பி ஆம்லெட். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் போப்பியா தின்று வளர்ந்த தமிழர்கள் அதன் தாய்வீட்டை இங்கே காண்பார்கள். அந்நாட்டு ஹொக்கியன் மக்களில் பெரும்பகுதியினரின் முன்னோர் கப்பலேறிய கரை இது. ஹொக்கியன் நாலு வார்த்தை தெரிந்த மலேசியத் தமிழருக்கு இங்குள்ள முதியவர்களிடம், மாண்டரின் படித்தவருக்குக்கூடக் கிடைக்காத வரவேற்பு கிடைக்கும்.

இனி, என்னை உண்மையில் வருத்தப்படவைக்கும் விஷயம். காலையில் வந்து மாலையில் போகும் பயணம்.

சுவான்சோவைத் தேடி வரும் தமிழர்களில் பலர் ஒரே ஒரு நோக்கத்தோடு வருகிறார்கள். 1281-ஆம் ஆண்டில், குப்லாய் கான் காலத்தில், சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் நலத்துக்காகச் சிவன் திருமேனியை எழுந்தருளுவித்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இந்த ஊரில் கிடைத்தது. கடைசியில் ஒரு வரி சீனத்தில் இருக்கிறது. நமக்கு அது பெருமைதான்; மறுக்கவில்லை. ஆனால் கையுவான் கோயிலின் பின்பக்கத் தூண்களில் நரசிம்மரையும் கண்ணனையும் கண்டு, படம் எடுத்து, “அங்கேயும் நாம்தான்” என்று எழுதிப்போட்டுவிட்டு மூன்று மணி ரயிலைப் பிடிப்பது அந்தக் கல்லைச் செதுக்கியவர்களுக்கே செய்யும் அநீதி. நம்மவர் மட்டும் இங்கே வந்திருந்தால் சிவன் கோயில் எழுந்திருக்காது. அரபியர் 1009-ல் தொடங்கிய கல் மசூதி இங்கே நிற்கிறது. கடலோடிகளின் அன்னையான மாசுவுக்கு 1196-ல் எழுந்த கோயில் இருக்கிறது. ஜின்ஜியாங் பக்கம் மலையடிவாரத்தில் மானி சமயத்தின் நிறுவனரான மானியின் உருவம் 1339-ல் செதுக்கப்பட்டு இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. உலகில் அந்தச் சமயம் அழிந்துவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் அவரைப் புத்தராகக் கும்பிட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். எல்லாரையும் வரவிட்ட துறைமுகம் என்பதால்தான் தமிழ் வணிகரும் வந்தார்கள். அந்த ஊரைப் பார்க்காமல் தூணை மட்டும் பார்ப்பவர், தமிழர் ஏன் இவ்வளவு தூரம் வந்தார்கள் என்ற கேள்வியையே விட்டுவிடுகிறார்.

அந்தக் கற்கள் நமக்குக் கிடைத்த கதையும் ஊருக்குள் நின்றால்தான் புரியும். யுவான் வம்ச ஆட்சியின் முடிவில் இங்கே பத்தாண்டுக் கலவரம் நடந்தது. அதன்பின் அயல்நாட்டார் கோயில்கள் அழிந்து, அவற்றின் கற்கள் நகரமதிலிலும் வீட்டுச்சுவர்களிலும் போயின. இருபதாம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது வெளிப்பட்ட அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவர் வு வென்லியாங் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். சுவான்சோவின் சமயக் கற்களைப் பற்றி 1957-ல் நூலும் வெளியிட்டார். இன்று கடல்சார் அருங்காட்சியகத்தில் லிங்கத்தை யானை வழிபடும் புடைப்புச் சிற்பத்துக்கு முன் நிற்கும் தமிழர் நன்றி சொல்ல வேண்டிய முதல் ஆள் அந்தச் சீன ஆசிரியர்தான்.

ஆகவே நான்கு இரவுகள். முதல் நாள் கையுவான். கோயில் 686-ல் தொடங்கியது; இன்றைய இரட்டைக் கல் கோபுரங்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, கிழக்குக் கோபுரத்தின் உயரம் 48 மீட்டர். மேற்குக் கோபுரத்தில் வாளேந்திய குரங்குமுக வீரன் ஒருவன் இருக்கிறான். குரங்கு அரசன் சுன் ஊகோங் கதையோடு அறிஞர்கள் அவனைச் சேர்த்துப் பேசுகிறார்கள். விடியற்காலையில் போங்கள், கூட்டம் வருமுன். கோயில் வளாகத்திலேயே, 1974-ல் ஹௌசூ துறையில் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த சோங் காலக் கப்பலும் இருக்கிறது. இரண்டாம் நாள் துமென் தெரு: மசூதி, அதை ஒட்டினாற்போல் சாம்பிராணிப் புகை ஓயாத குவான்தி கோயில், கன்பூசியஸ் கோயில். அன்று மாலை நான்யின் இசை எங்கே பாடுகிறார்கள் என்று விடுதியில் கேளுங்கள்; 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பழம்பெரும் இசை அது. மூன்றாம் நாள் அருங்காட்சியகம், பக்கத்தில் லிங்ஷான் முஸ்லிம் கல்லறைகள், பிறகு லுவோயாங் பாலம். 1053-ல் தொடங்கி 1059-ல் முடித்த இந்தக் கல்பாலத்தின் தூண்களில் சிப்பிகளை வளர்த்துக் கற்களை ஒட்டவைத்தார்கள். கடல் வற்றும் நேரத்தில் போனால்தான் படகு வடிவத் தூண்கள் முழுதாகத் தெரியும். அன்றைய வற்று நேரத்தைப் பார்த்து அருங்காட்சியகத்தை முன்னேயோ பின்னேயோ தள்ளிக்கொள்ளுங்கள். சீனாவில் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஆகவே மூன்றாம் நாள் திங்களாக வேண்டாம். நான்காம் நாள் ஒரு டாக்சி பேசி ஜின்ஜியாங் பக்கம்: மானி கோயில், இரண்டு கிலோமீட்டருக்கும் நீளமான ஆன்பிங் கல்பாலம். யுனெஸ்கோ 2021-ல் இந்த ஊரின் ஓர் இடத்தை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. 22 இடங்களைச் சேர்த்து ஒரே பாரம்பரியமாக அறிவித்தது. அதில் எத்தனையை அரை நாளில் பார்க்க முடியும்?

எப்போது போவது என்பதில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன். அக்டோபர் முதல் வாரம், சீனப் புத்தாண்டு, மே தின விடுமுறை ஆகிய மூன்றிலும் போகாதீர்கள். நாடே ரயிலில் இருக்கும். தலைநிறையப் பூச்சூடிக்கொள்ளும் பெண்களுக்குப் பேர்போன ஷுன்பு மீனவக் கிராமம் 2023 முதல் நாடெங்கும் புகழ்பெற்றுவிட்டதால் வாரக்கடைசியில் அங்கே நிற்க இடமிருக்காது. அங்கே போக வாரநாளே நல்லது. ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம். 2023 ஜூலை 28-ல் டோக்சுரி புயல் கரையேறியது ஜின்ஜியாங்கில்தான். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரையும் மார்ச்சிலும் காற்று இதமாக இருக்கும்.

டூர் கம்பெனி வேண்டவே வேண்டாமா? தனியாக நடமாட முடியாதவர்களுக்கும் கடுமையான பத்தியச் சாப்பாடு உள்ளவர்களுக்கும் துணை அவசியம். மற்றவர்களுக்கு இல்லை. குழுவோடு போனால் அவர்கள் போகும் ஊருக்குத்தான் நீங்களும் போவீர்கள். அந்தப் பட்டியலில் சுவான்சோ பெரும்பாலும் இருக்காது.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு முன்கூட்டியே விசா தேவை. சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. விசா விண்ணப்பத்தில் எந்தெந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். முதல் வரியில் சுவான்சோ என்று எழுதுங்கள், நான்கு இரவுகள் என்று போடுங்கள், பெய்ஜிங்கை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.